கண்ணாடி இல்லாமல் கோவை போன வால்மோரா

இந்த மாலைக்குத் தலைமை தாங்கி, "இவன் எப்போது முடிப்பானோ" என்ற கவலையை முகத்தில் காட்டாமல் அமர்ந்திருக்கும் பெருந்தகை அபுதாஹிர் அவர்களே! முன்வரிசையை முழுமையாக்கியிருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஆர்வத்தைப் பற்றவைத்துக்கொண்டு வந்திருக்கும் அன்னையர்களே! மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் சுனாபட்டியிலிருந்தும் நெரிசலில் நின்றுகொண்டே வந்து, இங்கேயும் நின்றுகொண்டே இருக்கும் நெஞ்சங்களே! எதிர் மாடி ஜன்னல்களில் முகம் மட்டும் தெரிய, முழு மனதையும் கீழே அனுப்பியிருக்கும் சகோதரிகளே! தமிழைப் படிக்கத் தெரியாவிட்டாலும் கேட்கத் தெரிந்த எங்கள் இளைய தலைமுறையே! உங்கள் அனைவருக்கும் இந்த ஞானசேகரனின் வணக்கம்! வணக்கம்! வணக்கம்!

தொழிலால் நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். என் தலையைத் தெருமுனையில் கண்டாலே தாழ்ப்பாள் போடுகிற தாராவி இது. அந்தத் தாராவி இன்று எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறதே, இது என் பெருமையா? இல்லை! என் தங்கை சேசம்மாளின் பெருமை! அவள் கணவர் ஜோன்ஸின் பெருமை! மாட்டுங்காவின் மகள் சாருலதாவின் பெருமை! இந்த மூவரும் சேர்ந்து மூச்சுக் கொடுத்த ஒரு காரின் பெருமை!

நாளை மறுநாள் அந்தக் கார் கப்பலேறுகிறது. தான் பிறந்த இத்தாலி நாட்டுக்கே விருந்தாளியாகப் போகிறது. ஒரு காருக்கா வழியனுப்பு விழா என்று கேட்பீர்கள். கேளுங்கள். இன்று நான் பதில் சொல்லாமல் இறங்குவதாக இல்லை.

யாரது? ஆதர்ஷா? "அங்கிள், காடி கா நாம் க்யா ஹை?" என்கிறான் தம்பி. வண்டியின் பெயர் வால்மோரா. சிரிக்காதீர்கள்! சாருலதாவின் தாயார் அகிலாண்டம் அம்மாள் இந்தப் பெயரை முதன்முதலில் கேட்டபோது என்ன சொன்னார் தெரியுமா? "நீர்மோர் தெரியும், சம்பாரம் தெரியும். இதென்னடி வால்மோர்?" என்றார்.

வால்மோரா மோர் அல்ல அம்மையீர்! அது ஒரு மனிதனின் முதுகுவலியில் பிறந்த முழுநீளக் கனவு.

அறுபதுகளின் தொடக்கம். வட இத்தாலியில், மலையடிவாரத்தில், சான் வெர்னோ என்றொரு சிற்றூர். அங்கே ஆல்தோ பெர்காந்தி என்றொரு முதலாளி. அவர் கார் செய்தவரா? இல்லை. காபி மெஷின் செய்தவர்! ஆகா, மாட்டுங்காக்காரர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன். அந்தக் காபி மெஷின்களை விற்பதற்காகப் பாரிஸுக்கும் வியன்னாவுக்கும் அவரே கார் ஓட்டிக்கொண்டு போவார். பந்தயக் காரில் போனால் வேகம் உண்டு. இறங்கும்போது இடுப்பு இராது. பெரிய காரில் போனால் சொகுசு உண்டு. மலைப்பாதை வந்தால் மூச்சு இராது. வேகம் வேண்டும், சொகுசும் வேண்டும். காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பி, நாடுகளைக் கடந்து, மலைகளைக் கடந்து, மாலையில் அந்தக் கோட்டு கசங்காமல் விருந்து மேசையில் உட்கார வேண்டும். அப்படி ஒரு வண்டி கிடைக்கவில்லை. கிடைக்கவில்லையா, செய்கிறேன் என்று எழுந்தார் அந்த மனிதர்!

இந்த வகைக் காருக்குத்தான் கிராண்ட் டூரிங் என்று பெயர். சுருக்கமாக ஜி.டி. ஊர் சுற்றப் பிறந்த வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே கதவு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை. அந்த வடிவத்துக்குக் கூப்பே என்று பெயர். முன்னால் இருவருக்குச் சிம்மாசனம். பின்னால் இருவருக்கு இடம் உண்டு என்று கம்பெனி சொல்லியது. பின்னால் உட்கார்ந்து கோவை வரை போனவன் நான். என் முழங்கால் என் தாடையோடு நெருங்கிப் பழகியது அப்போதுதான்.

வால்மோராவின் மேனியைப் பாருங்கள். மரத்தில் அச்சுச் செய்து, அதன்மேல் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி வளைத்த மேனி. கையால் தட்டியதால் ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது. ஒரு வால்மோராவின் கதவு இன்னொரு வால்மோராவுக்குப் பொருந்தாது. இஞ்சினோ அமெரிக்கப் பிறவி. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, எட்டு சிலிண்டர்கள் இரு கைகளை விரித்தாற்போல் விரிந்து நிற்கும். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அந்தக் காலத்தில் அது அபூர்வம். பின்பக்கம் இரு தோளிலும் இரண்டு பெட்ரோல் டாங்க்; ஒன்று தீர்ந்தால் ஒரு சுவிட்சைத் தட்டி அடுத்ததற்கு மாறலாம், நடுவழியில் நிற்க வேண்டியதில்லை. வால்நட் மரத்தில் கடைந்த ஸ்டியரிங். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த முன் கண்ணாடி! இரண்டு பக்கமும் உள்நோக்கி வளைந்து, ஓட்டுபவரை அணைத்துக்கொள்வது போன்ற ஒரே கண்ணாடி. அதுதான் அதன் அழகு. அதுவே அதன் ஆபத்தும் ஆனது.

எழுபதுகளில் பெட்ரோல் விலை எகிறியது. பெர்காந்தியின் கார்த் தொழிற்சாலை மூடப்பட்டது. மொத்தம் நூறு வண்டிகூட வெளிவரவில்லை. அந்த நூற்றுக்கும் குறைவானவற்றில் ஒன்றுதான், ஒரு பருத்தி வியாபாரியின் ஆசைக்காகக் கப்பலேறி நம் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் புனே போய்விட்டு, சாயங்காலம் மரைன் டிரைவில் காற்று வாங்குவாராம் அவர். அவருக்குப் பிறகு அதை ஓட்ட ஆளில்லை. செம்பூரில் ஒரு கொட்டகையில் பூட்டினார்கள். கொட்டகை இடிந்தது. இடிபாட்டை ஒழிக்க வந்தவர்கள் காரையும் சேர்த்து ஒழித்தார்கள். வந்து சேர்ந்த இடம், குர்லா காயலான் கடை!

இங்கேதான் வருகிறாள் சாருலதா. ஐரோலியில் ஒரு கம்பெனியில் டிசைன் இஞ்சினியர். காயலான் கடைக்கு எதற்கு வந்தாள்? தன் ஸ்கூட்டருக்கு ஒரு பக்கக் கண்ணாடி வாங்க வந்தாள். வந்தவள் கண்ட காட்சி என்ன? நெருப்புக் கக்கும் கேஸ் கட்டரோடு ஒருவர் குனிகிறார். அவர் வெட்டப் போவது ஒரு கூரையை. குப்பைக்கு நடுவே, சேற்றுக்கு நடுவே, பறக்கப் போகும் பறவையின் முதுகு மாதிரி சரிந்து இறங்கும் ஒரு கூரை!

"ருக்கோ! மத் காட்டோ!"

நிறுத்துங்கள், வெட்டாதீர்கள் என்று கத்தியது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். "மேடம், யே தோ கபாட் ஹை", இது வெறும் குப்பை என்கிறார் அவர். சாருலதா குனிந்து நகத்தால் சேற்றைச் சுரண்டிப் பார்த்தாள். துருவே இல்லை. அலுமினியம் துருப்பிடிக்காது அல்லவா? இத்தனை ஆண்டுகள் மழை தின்றும், மண் தின்றும், அந்த மேனி மாறாமல் நின்றிருக்கிறது. அடுத்த வாரமே ஸ்கூட்டரை விற்றாள், காரை வாங்கினாள்.

அன்று மாட்டுங்கா வீட்டில் நடந்ததை அகிலாண்டம் அம்மாள் அனுமதியோடு சொல்கிறேன். இதோ தலையசைத்துவிட்டார்.

"ஏண்டி, ஓடற ஸ்கூட்டர வித்துட்டு ஓடாத காரையா வாங்குவா?"

"ஓட வைக்கலாம்மா."

"யாரு, நீயா?"

"நான் மட்டும் இல்ல. யாராவது கிடைப்பா."

யாராவது கிடைப்பார்கள்! அந்த நம்பிக்கையைப் பாருங்கள்! அந்த யாராவதைத் தேடித்தான் அவள் தாராவிக்கு வந்தாள். தொண்ணூறு அடி சாலைக்குப் பின்னால் தோல் பட்டறை நடத்தும் என் தங்கையிடம் வந்து, "கார் சீட் தைப்பேளா?" என்று கேட்டாள். சேசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "தைப்போமே. காரு எங்க நிக்கி?" என்றாள். "மாட்டுங்காவுல ரோட்டோரமா நிக்கறது. வைக்க இடம் இல்ல. பில்டிங் சொசைட்டியில தெனம் சண்டை" என்றாள் சாரு. என் தங்கைக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "பொறவு என்ன? இங்க தள்ளிட்டு வாங்க. எங்க வீட்டுக்காரரு மெஷின் வேல தெரிஞ்சவரு. அவரு பாக்கட்டும்" என்றாள்.

மாப்பிள்ளை ஜோன்ஸ் அம்பர்நாத் தொழிற்சாலை ஒன்றில் டூல் ரூம் சூப்பர்வைசர். வந்தார், பார்த்தார், தலையைச் சொறிந்தார். இஞ்சின் இறுகிக் கிடந்தது. எட்டு பிஸ்டனும் எட்டு சிலிண்டருக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன. அடித்து எடுத்தால் சிலிண்டரே உடையும். உடைந்தால் அந்த இஞ்சினுக்கு இன்னொரு பிறவி இல்லை. "நேரங்குடுத்தா வரும்" என்றார். அந்த மழைக்காலம் முழுவதும், வேலை முடிந்து லோக்கல் ரயிலில் பிதுங்கி வந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெயும் டீசலும் ஊற்றுவார், நீளக் கம்பி போட்டு மெல்ல அசைத்துப் பார்ப்பார், அசையாது, போய்த் தூங்குவார். மறுநாளும் ஊற்றுவார், அசையாது. சாரு பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் கம்பியைப் பிடித்தார் ஜோன்ஸ். நான் பட்டறை வாசலில் ஒருவருக்கு பாலிசி விளக்கிக்கொண்டிருக்கிறேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

"அசைஞ்சிட்டு! ஏ சேசு, அசைஞ்சிட்டுடீ!"

ஓடிப் போய்ப் பார்க்கிறேன். கையெல்லாம் கறுப்பு எண்ணெய், சட்டையெல்லாம் கறுப்பு எண்ணெய், அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து அழுகிறார். சாரு சிரிக்கிறாள், அவளும் அழுகிறாள். எனக்கு பாலிசி கைநழுவிப் போனது. போகட்டும்! அன்றைக்கு அங்கே ஓர் ஆயுள் திரும்பி வந்தது, அதைவிடப் பெரிய பாலிசி எது?

பிறகு, தேய்ந்த பிஸ்டன்களுக்குப் பதிலாக அம்பர்நாத்தில் புதியவை கடையப்பட்டன. மின் கம்பி, பிரேக், கியர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து வரைந்து சரி செய்தாள் சாரு. பழைய சீட்டைத் தையல் தையலாகப் பிரித்து, எப்படி மடித்தார்கள், எங்கே பஞ்சு வைத்தார்கள் என்று பார்த்து, பழுப்பு நிறத் தோலில் புதிதாகத் தைத்தாள் சேசம்மாள். அந்த வண்டி முதன்முதலாக நம் தொண்ணூறு அடி சாலையில் உருண்ட அன்று நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். ரிக்ஷாக்கள் ஒதுங்கின. பஸ்ஸே ஒதுங்கியது! பேகம் அக்கா மாடியிலிருந்து மல்லிகைச் சரத்தை வீச, அது காரில் விழாமல் என் தலையில் விழுந்ததே, மறந்துவிட்டீர்களா?

ஆனால் நண்பர்களே, ஊர் கொண்டாடியது போல் உலகம் கொண்டாடவில்லை. நகரத்தின் பழங்கார் சங்கம் ஒன்றில் சேர்க்கச் சொல்லிக் கேட்டபோது, அதன் செயலாளர் வண்டியைச் சுற்றி வந்தார். "அம்பர்நாத் பிஸ்டன், தாராவி சீட்டு. இது வால்மோரா இல்லை மேடம், கிச்சடி" என்றார். சாரு பட்டறைக்கு வந்து நடந்ததைச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். சேசம்மாள் கேட்டாள், "அந்தாளு ஓட்டிப் பாத்தானா?" "இல்லக்கா." "உக்காந்து பாத்தானா?" "இல்லக்கா." "பொறவு எப்படிக் கண்டான்? விடு."

விடு என்று சொல்லிவிடலாம். மனசு விடுமா? அப்போதுதான் கோயம்புத்தூரில் பழங்கார் விழா என்று செய்தி வந்தது. தலைமை நடுவர் யார் தெரியுமா? அந்த ஆல்தோ பெர்காந்தியின் பேத்தி, கிளாவ்தியா! சாரு எழுதிக் கேட்டாள். பதில் வந்தது. "வண்டி வரட்டும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அது வால்மோராவா இல்லையா என்று." சனிக்கிழமை மாலை கதவு மூடுவதற்குள் வந்து சேர வேண்டும் என்பது விதி.

மற்றவர்கள் தங்கள் கார்களை லாரியில் ஏற்றி, போர்வை போர்த்தி அனுப்பினார்கள். எங்களுக்கும் லாரி பேசலாமா என்று நான் கேட்டேன். சாரு முறைத்தாள். "சேகர் அண்ணா, இது ஊர் சுத்தப் பொறந்த வண்டி. படுத்துண்டா போகும்? ஓட்டிண்டு போவோம்" என்றாள். "வண்டியில நாலு சீட்டு இருக்கு, நாலு பேரும் போவோம். அண்ணே, நீயும் வா. பொறத்தால நா மட்டும் உக்காந்து என்ன பண்ணுவேன்?" என்றாள் சேசம்மாள். இப்படித்தான் அகப்பட்டேன் நான்!

விடிகாலையில் கிளம்பினோம். அடடா, அந்தப் பயணம்! மலைப்பாதையில் ஏறும்போது அந்த இஞ்சின் பாடியதே, அது பாட்டு. வளைவுகளில் திரும்பியபோது சக்கரங்கள் சாலையைப் பிடித்த பிடி, அது பிடி. புனே போனது தெரியவில்லை, சாதாரா போனது தெரியவில்லை. "பெர்காந்தி அப்பா, நீ மனுசனாய்யா!" என்று ஜோன்ஸ் முன் சீட்டில் தாளம் போடுகிறார். பின்னால் என் முழங்கால் மட்டும் பெர்காந்தியோடு கருத்து வேறுபாடு கொண்டிருந்தது.

கோலாப்பூரை நெருங்குகிறோம். முன்னால் ஜல்லி ஏற்றிய ஒரு டிப்பர். மேலிருந்து ஒரு கல் குதித்தது. ஒரே ஒரு கல்! டக் என்று ஒரு சத்தம். மறுநொடி, அந்தக் கண்ணாடி, ஓட்டுபவரை அணைக்கும் அந்தக் கண்ணாடி, உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத அந்தக் கண்ணாடி, கல்கண்டு கல்கண்டாக எங்கள் மடியில் கொட்டியது.

சாரு பதறாமல் ஓரம் கட்டினாள். நால்வருக்கும் காயமில்லை, கடவுளுக்கு நன்றி. அவள் இறங்கினாள், சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள், கையிலிருந்த கண்ணாடித் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "லாரிக்குச் சொல்லிடலாமா ஜோன்ஸ் அண்ணா?" என்றாள்.

ஜோன்ஸ் வண்டியைச் சுற்றி வந்தார். "இஞ்சின் நல்லாருக்கு. பிரேக் நல்லாருக்கு. கண்ணாடி மட்டுந்தான் போச்சு. காத்து வரும், வேற என்ன?"

"மழை வந்தா? பெல்காம் பக்கம் கறுத்துண்டு நிக்கறதே. அக்கா தச்ச சீட்டெல்லாம் ஊறிப் போயிடும்."

எல்லோரும் என் தங்கையைப் பார்த்தோம். எத்தனை மாத உழைப்பு அந்தத் தோல்! ஒவ்வொரு மடிப்பும் அவள் விரல் வலி. நனைந்தால் சுருங்கும், வெளுக்கும், தையல் இழுக்கும். அவளுக்குத் தெரியாததா? அவள் புடவையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளை உதறினாள். சொன்னாள், மக்களே, என் தங்கை சொன்னாள்:

"நனைஞ்சா நனையட்டும் சாரு. சீட்டு என் கையில இருக்கு, திரும்பத் தைச்சுக்கிடலாம். நீ வண்டிய எடு."

எடுத்தாள்! கோலாப்பூர்க் கடைத்தெருவில் முன்னால் இருப்பவர்களுக்கு இரண்டு ஹெல்மெட் வாங்கினோம், பின்னால் இருப்பவர்களுக்கு இரண்டு மழைக்கோட்டு. பெல்காம் தாண்டியதும் மழை வந்தது. வந்ததா? கொட்டியது! முன்னால் கண்ணாடி இல்லாத காரில் மழை எங்கே போகும்? பின்னால் போகும். பின்னால் யார்? நான்! சாரு ஹெல்மெட் கண்ணாடியை ஒரு கையால் துடைத்துத் துடைத்து மெதுவாக ஓட்டுகிறாள். லாரிக்காரர்கள் எங்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழி விடுகிறார்கள். ஹூப்ளியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். முன்னால் ஹெல்மெட் போட்ட இருவர், பின்னால் மழைக்கோட்டில் இருவர். அவருக்கு என்ன கேட்பது என்றே புரியவில்லை. கடைசியில் கையை முன் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் உள்ளே விட்டு, காற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, சிரித்து, "நிதானவாகி ஹோகி" என்று கன்னடத்தில் வாழ்த்தி அனுப்பினார். மெதுவாகப் போங்கள் என்றாராம். வேகமாகப் போகவா வந்தோம் நாங்கள்? போய்ச் சேர வந்தோம்!

வழியில் தங்கினோம், துவைத்துப் பிழிந்த துணி மாதிரித் தூங்கினோம். மறுநாள் வெயில். வெயிலில் பூச்சிகள். சிரித்தால் வாய்க்குள் பூச்சி, ஆகவே சேலம் வரை நான் பேசவே இல்லை. நம்புங்கள், என் வாழ்க்கையிலேயே அது ஒரு சாதனை!

கோவை விழாத் திடலின் கதவை மூடக் கை வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் எட்டு சிலிண்டரும் முழங்க உள்ளே நுழைந்தது எங்கள் வால்மோரா. இருபுறமும் மின்னுகிற கார்கள். கையுறை போட்டுத் துடைக்கிற ஆட்கள். நடுவே சேறும் சகதியுமாக, முகமெல்லாம் கரியாக நாங்கள்! யாரோ சிரித்தார்கள். ஓர் அதிகாரி ஓடி வந்து, "முன் கண்ணாடி இல்லாத வண்டி போட்டியில் சேராது" என்றார். விதி அப்படித்தான். நாங்கள் வாதாடவில்லை.

அப்போது வந்தார் கிளாவ்தியா. நரை விழத் தொடங்கிய தலை, உயரமான பெண்மணி. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கண்ணாடி எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கோலாப்பூரில் உடைந்துவிட்டது."

"அது எங்கே இருக்கிறது?"

சாரு வடக்கே கை காட்டினாள். "பாதி வழிக்கும் அப்பால்."

"அங்கிருந்து எப்படி வந்தீர்கள்?"

"ஓட்டிக்கொண்டு வந்தோம்."

கிளாவ்தியா கதவைத் திறந்தார். ஈரம் காயாத சீட்டில் கை வைத்து அழுத்தினார். நிறம் திட்டுத் திட்டாக மாறியிருந்தது. ஆனால் ஒரு தையல் விடவில்லை, ஒரு மடிப்பு அவிழவில்லை. "யார் தைத்தது?" என்றார். சேசம்மாள் மழைக்கோட்டோடு முன்னால் வந்தாள். அந்த அம்மையார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் நால்வர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்தவர் சிரித்தார். சிரித்தவருக்குக் கண் நிறைந்தது. கூடியிருந்த எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"என் தாத்தாவின் வண்டிகளை அருங்காட்சியகங்களில் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கண்ணாடி இருக்கிறது. ஒன்றின் மேலும் ஒரு பூச்சி கிடையாது. சாலை அழுக்கோடு ஒரு வால்மோராவை நான் பார்ப்பது என் சிறு வயதுக்குப் பிறகு இன்றுதான். ஆமாம், இது வால்மோரா."

இது வால்மோரா! அந்த ஒரு சொல்லுக்காகத்தானே வந்தோம்! பரிசு கிடைத்ததா? கிடைக்கவில்லை. கோப்பை கிடைத்ததா? கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தலைமை நடுவர் கழுத்துத் துணியை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "எனக்கு ஒரு சுற்றுப் போக வேண்டும்" என்றார். கண்ணாடி இல்லாத காரில், சாரு ஓட்ட, பொள்ளாச்சி சாலையில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போய்விட்டு வந்தார்கள். திரும்பி இறங்கியபோது அந்த அம்மையாரின் முகத்திலும் ஒரு பூச்சி. அதைத் துடைக்காமலேயே புகைப்படத்துக்கு நின்றார்!

அன்றே அழைப்பு விடுத்தார். உலகத்தில் மீதமிருக்கும் வால்மோராக்கள் எல்லாம் இந்த ஆண்டு சான் வெர்னோவில் கூடுகின்றன. மும்பை வால்மோரா வர வேண்டும் என்றார். திரும்பி வந்ததும் ஐரோலிப் பக்கம் ஒரு கண்ணாடிப் பட்டறையில் அச்செடுத்து, உடைந்து, மீண்டும் வளைத்து, மீண்டும் உடைந்து, ஒரு வழியாக அந்தக் கண்ணாடி அமைந்தது. சீட்டை மட்டும் மாற்ற வேண்டாம் என்றாள் சாரு. "மழை பட்டது தெரியட்டும் அக்கா" என்றாள். கிச்சடி என்று சொன்ன அந்தச் சங்கச் செயலாளர் போன வாரம் பட்டறைக்கே வந்து, கதவைத் திறந்து, உட்கார்ந்து பார்த்து, எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தார். இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். ஐயா, வெட்கப்படாதீர்கள். வந்தீர்களே, அது பெரிய மனசு. ஒரு கைதட்டல் கொடுங்கள் அவருக்கு!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒன்றே ஒன்று. அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

பத்து நாளைக்கு முன் கிளாவ்தியா போனில் கேட்டார். "விழாவில் ஒவ்வொரு காரின் முன்னாலும் அது எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பலகை வைப்போம். உங்கள் பலகையில் என்ன எழுத?" பட்டறையில் எல்லோரும் இருந்தோம். முதலில் வாய் திறந்தது என் தங்கை. "மும்பைன்னு போடு சாரு. அதான் மரியாதையா இருக்கும்."

ஏன் அப்படிச் சொன்னாள்? அவளைக் குறை சொல்லாதீர்கள். அவள் தைத்த பைகள் பளபளக்கும் கடைகளில் தொங்குகின்றன. அதில் யார் பெயரோ இருக்கும், எந்த ஊரோ இருக்கும். தாராவி என்ற சொல் மட்டும் இருக்காது. வாங்க வருகிறவர்கள் முதலில் சொல்வதே, "மேட் இன் தாராவி என்று எங்கேயும் போட்டுவிடாதீர்கள்" என்பதுதான். வருஷக்கணக்காகத் தன் கையால் தைத்த பொருளிலிருந்து தன் ஊரின் பெயரைத் தானே மறைத்துப் பழகிய கை அது!

அதை மறுத்தது யார் தெரியுமா? அகிலாண்டம் அம்மாள்! தோல் பட்டறை என்பதால் கோவைப் பயணம் முடியும் வரை அந்தப் படி மிதிக்காதவர். மகளிடம் பிளாஸ்க்கில் காபி கொடுத்தனுப்பிவிட்டு, தெருமுனையோடு திரும்பியவர். எங்கள் மழைக்கதையைக் கேட்ட மறுநாள் உள்ளே வந்து, அந்தத் தோல் சீட்டிலேயே உட்கார்ந்தவர். அன்றும் அதில்தான் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே சொன்னார்:

"மும்பை பெரிய ஊர், ஆயிரம் இடம் இருக்கு. அந்த ஆயிரத்துல எந்த இடம் இதுக்கு இடம் குடுத்தது? என் மாட்டுங்கா குடுத்துதா? சண்டை போட்டு வெளியில தள்ளித்து. தாராவின்னு போடச் சொல்லுடி!"

சேசம்மாள் எழுந்து உள்ளே போய்த் தையல் மெஷினை ஓட்டினாள். அதில் நூல் இல்லை, தோல் இல்லை. வெறும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. என் தங்கை அழுதால் பிறர் காதில் விழக் கூடாது அவளுக்கு. அண்ணனுக்குத் தெரியாதா? எனக்குக் கேட்டது.

பெருமக்களே! சான் வெர்னோவின் சதுக்கத்தில் அடுத்த மாதம் வால்மோராக்கள் வரிசையாக நிற்கும். ஒன்றின் முன்னால் மிலான் என்று எழுதியிருக்கும். ஒன்றின் முன்னால் ஜெனீவா. ஒன்றின் முன்னால் மியூனிக். ஒன்றின் முன்னால் பாரிஸ். துறைமுகத்திலிருந்து லாரியில் ஏறாமல், மலை ஏறி, சாலை அழுக்கோடு, மழைத் தழும்போடு போய் நிற்கும் நம் வண்டியின் முன்னால் என்ன எழுதியிருக்கும்? சொல்லுங்கள்! மாடியில் நிற்கும் சகோதரிகளே, நீங்கள் சொல்லுங்கள்! இன்னும் உரக்க! கடல் தாண்டிக் கேட்க வேண்டாமா? ஆமாம்! தாராவி! தாராவி! தாராவி!

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், மைக்கைப் பிடுங்காத நிர்வாகிகளுக்கும், ஒலிபெருக்கி அமைத்த தம்பி செல்வத்துக்கும், என்னைப் பின் சீட்டில் திணித்துப் பெருமையின் முன் வரிசையில் உட்கார வைத்த என் தங்கைக்கும் என் நன்றி. அன்னையர்களே, ஐயன்மார்களே, பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். உங்கள் அனைவருக்கும், தாராவியிலிருந்து, என் தலைதாழ்ந்த வணக்கம்!